தலைக்கு எலுமிச்சம்பழம்

நான் எச்.டி.எம்.எல். படித்தது டோல்கேட் பக்கம் ஒரு மாடியில். கீழே டயர் கடை. பஞ்சர் ஒட்டும் நாற்றம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் கம்ப்யூட்டர் ஞாபகம்தான் வரும். பாடம் நடத்தியவர் முதல் நாளே பலகையில் சில வரிகளை எழுதிப் போட்டு, "இத அப்டியே அடிச்சிக்குங்க, ஏன்னு கேக்காதீங்க. இது ஹெட். நமக்கு வேலை பாடியிலதான்" என்றார்.

ஒரு இணையப் பக்கத்தை எழுதும்போது அதற்குத் தலை, உடல் என்று இரண்டு பகுதிகள் உண்டு. உடலில் எழுதுவது திரையில் தெரியும். தலையில் எழுதுவது பெரும்பாலும் தெரியாது. அது பக்கத்தைப் பற்றிய தகவல். பக்கத்தின் பெயர் என்ன, எதைப் பற்றியது, எந்த எழுத்தில் படிக்க வேண்டும், இப்படி. தெரியாத ஒன்றுக்காக எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது வாத்தியாரின் கட்சி. நாங்களும் கேட்கவில்லை. கோர்ஸ் முடிகிறவரை அந்த வரிகளை சுலோகம் மாதிரி அடித்துவிட்டு நேராக உடலுக்குப் போய், எழுத்தை ஓடவிடுவது, மினுக்கவிடுவது, படம் ஒட்டுவது என்று குதித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கொருக்குப்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடலாம், கேட் போடாமல் இருந்தால். கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால் நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. முதலாளிக்கு அசல் தொழில் மீனுக்கு ஐஸ் போடுவது. கம்ப்யூட்டர்கள் இருந்த அறையையும் அவர் ஐஸ் பெட்டி மாதிரியே குளிர வைத்திருந்தார், அதிலேயே பாதிக் கூட்டம் வந்தது. பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், துபாயிலிருக்கும் வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்ப வருகிறவர்கள், அவ்வப்போது துறைமுகத்திலிருந்து வரும் கப்பல்காரர்கள். இணையப் பக்கம் செய்து தரப்படும் என்று வாசலில் ஒரு அட்டையும் தொங்கியது. அதைப் பார்த்து உள்ளே வந்த ஒரே ஆள் பாய்.

பாய் என்றால் அந்தத் தெருவில் பல பேர் உண்டு. இவர் கப்பல்களுக்குச் சாமான் போடுகிறவர். ஒரு கப்பல் துறைமுகத்தில் நின்றால் அதிலிருக்கும் ஆட்களுக்கு அரிசி, வெங்காயம், கறி, முட்டை, கயிறு, பெயின்ட், சோப்பு என்று எல்லாமே யாராவது கொண்டுபோய்த் தர வேண்டும். அந்த யாராவது இவர். அறுபது வயதிருக்கும். சட்டையை பேன்ட்டுக்குள் விட்டிருப்பார், காலில் கனமான ஷூ, தாடிக்கு மருதாணி. முதல் நாள் வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெப்சைட்டு செய்றது நீதானாம்மா? பெரிய ஆளு யாரும் இல்லியா?" என்றார்.

"பெரிய ஆளு ஐஸ் அடிக்கப் போயிருக்காரு. நான்தான் செய்யணும்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய பிரச்சினை இது. முன்பெல்லாம் ஒரு கப்பல் வந்தால் வாரக்கணக்கில் நிற்கும். கரை தொட்டதும் யார் முதலில் ஏணி ஏறுகிறார்களோ அவர்களுக்கு ஆர்டர். இப்போது கன்டெய்னர் கப்பல் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. நிலக்கரிக் கப்பல்கள் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டன. யாரிடம் சாமான் வாங்குவது என்பதை எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்து முன்கூட்டியே மெயிலில் முடித்துவிடுகிறார்கள். ஏணி ஏறிப் போனால் சமையல்காரன், "ஸாரி, ஃபினிஷ்" என்கிறான். பாயின் மகனுக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கை போய்விட்டது. கடையை செல்போன் கடையாக மாற்ற வேண்டும் என்று நிற்கிறார்.

"பெருநாள் வரிக்கும் டைம் குட்த்துகிறான். பெருநாள் கயிச்சி ஷெல்ஃப் அடிக்க ஆசாரி வர்றான்" என்றார் பாய்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. ஒரு கேப்டன். பல வருடங்களாக இந்தத் துறைமுகத்துக்கு வந்துபோனவர். கடைசியாக வந்தபோது, கடல் போதும், இனி கரையில் ஆபீஸ் வேலை, நிறையக் கப்பல்களுக்குச் சாமான் வாங்குவது என் கையில் இருக்கும், உன்னைத் தேடிப் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எந்தக் கம்பெனி என்று பாய் கேட்டுக்கொள்ளவில்லை. பழைய கப்பலை விற்றுவிட்டார்கள். ஆளின் பெயரும் தெரியாது.

"பேரு கூடவா தெரியாது?"

"கேப்டனுக்கு எதுக்கும்மா பேரு? கேப்டன்தான் பேரு."

"உங்க கார்டாவது அவர்கிட்ட இருக்குமே?"

"குட்த்தேன். கப்பக்காரன் கார்டுல பல்லு குத்துவான்."

ஆக, கேப்டன் தேடினால் பாய் கிடைக்க வேண்டும். பெருநாளுக்குள் கிடைக்க வேண்டும். அதற்குத்தான் இணையப் பக்கம்.

செய்ய ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்றால், நான் செய்ய, அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் உயிரை வாங்க. ஒரு கப்பல் இடமிருந்து வலமாக நகர வேண்டும் என்றார். நகர்ந்தது. கீழே கடை பெயர் பச்சை நிறத்தில் ஓட வேண்டும் என்றார். ஓடியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்லும் மீட்டர் ஒன்று அப்போதெல்லாம் எல்லாப் பக்கத்திலும் இருக்கும், அதுவும் வேண்டும் என்றார். மேலே தமிழில் நல்வரவு என்று போடச் சொன்னார். போட்டேன். பக்கத்து கேபின் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் அது கோழி கிறுக்கினது மாதிரி இருந்தது. எங்கள் எழுத்துரு அங்கே இல்லை. எந்த எழுத்து என்று தலையிலும் யாரும் சொல்லி வைக்கவில்லை. "கேப்டனுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டு அதைத் தூக்கிவிட்டேன்.

ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பாக இருந்தார். எங்கேயும் மெட்ராஸ் என்று வரக் கூடாது. ஊர்ப் பெயர் மாறிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. போர்டு, கார்டு, பில் புத்தகம் எல்லாவற்றையும் சென்னை என்று மாற்றி முடித்திருந்தார். பழக்கதோஷத்தில் மெட்ராஸ் என்று எழுதிவிட்ட போர்டு பெயின்டரை ஏணியிலிருந்து இறக்கித் திட்டியதைப் பெருமையாகச் சொன்னார். "அத்தெல்லாம் பயசும்மா. நம்ப இப்ப சென்னை."

கடைக்கென்று ஒரு மெயில் பெட்டி திறந்து, அந்த முகவரியை அடியில் போட்டு, இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்தில் பக்கத்தை ஏற்றினேன். பாய் தினமும் மதியம் வந்து மீட்டரைப் பார்த்தார். ஏறிக்கொண்டே போனது. அவருக்கு ஒரே குஷி. திரும்பத் திரும்பத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது அவரேதான், ஒவ்வொரு தடவைக்கும் மீட்டர் ஒன்று ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். சில நாட்கள் சொல்லாமல் விட்டேன். பிறகு சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது.

அதற்குப் பிறகுதான், கேப்டன் தேடுவது போல நானே தேடிப் பார்த்தால் என்ன என்று யோசித்தேன். கப்பல், சாமான், சென்னை என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடினேன். எங்கெங்கோ இருக்கும் கடைகளெல்லாம் வந்தன. பாய் வரவில்லை. பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒரு மூலையில் எங்கள் பக்கம் கிடைத்தது. அதன் பெயர் 'நியூ பேஜ் 1' என்று இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கம் செய்கிற மென்பொருள், நாம் பெயர் வைக்காவிட்டால் தானாக வைக்கிற பெயர் அது. உலகம் முழுக்க அதே பெயரில் எத்தனையோ பக்கங்கள் இருந்தன. எல்லாம் என்னைப் போல ஏன் என்று கேட்காமல் அடித்தவர்கள் செய்தவை. பெயர் வைக்காமலே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட மாதிரி நகரும் கப்பலையும் ஓடும் பச்சை எழுத்தையும் அனுப்பி வைத்திருந்தோம்.

அப்போது ஒரு வசதி கண்ணில் பட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வியூ சோர்ஸ் என்று ஒன்றை அழுத்தினால் அதன் தலை முதல் கால் வரை எழுதியிருப்பதைப் படிக்கலாம். சிங்கப்பூரில் இதே தொழில் செய்கிற கடை ஒன்றின் பக்கத்தை அப்படித் திறந்தேன். உடல் ரொம்பச் சாதாரணம். தலை மட்டும் முழ நீளம். அதிலிருந்து எனக்கு மூன்று விஷயம் விளங்கியது. டைட்டில் என்பது பெயர். ஜன்னலின் உச்சியிலும் தேடினால் வரும் இடத்திலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். டிஸ்க்ரிப்ஷன் என்பது இரண்டு வரி அறிமுகம். பக்கத்தைத் திறந்தால் தெரியாது, தேடுகிறவர்களுக்கு மட்டும் பெயருக்குக் கீழே தெரியும். கீவேர்ட்ஸ் என்பது தேடுகிறவர்கள் என்ன வார்த்தை போடுவார்கள் என்று நினைத்து நாம் கொடுத்து வைக்கிற சொற்கள். மனிதர் கண்ணுக்கு எங்கேயும் தெரியாது, தேடும் இயந்திரங்கள் மட்டும் படித்துக்கொள்ளும். பிற்காலத்தில் ஆளாளுக்கு அதில் பொய்யை அடைத்து, இயந்திரங்களும் அதை நம்புவதை விட்டுவிட்டன. அப்போது நம்பிக்கொண்டிருந்தன.

பாயிடம் சொன்னேன். "கண்ணுக்கே தெரியாதுன்ற. அத்த எவன் பாக்கப் போறான்?" என்றார், எங்கள் வாத்தியாரே வந்து உட்கார்ந்த மாதிரி.

"மூட்டைங்களுக்கு வெளிய பெயின்ட்ல கப்பல் பேரு எழுதுறீங்களே, அது எதுக்கு?"

"எழுதலன்னா கேட்டுலயே உக்கார வச்சிடுவான். எந்தக் கப்பலுக்குன்னு தெர்யாம எவன் தூக்குவான்?"

"உள்ள இருக்கிற வெங்காயத்தை அவன் பாக்கறானா?"

"சரி, எழுது" என்றார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. கீவேர்ட்ஸில் போட வேண்டிய சொற்களை அவரே சொன்னார்: நாணயம், ஹலால், சொன்ன டைமுக்கு டெலிவரி, மூன்று தலைமுறை, அல்லாவுக்குப் பயந்தவர்.

"நாணயம்னு டைப் பண்ணி யாராவது அரிசி தேடுவாங்களா பாய்?"

"தேடணும்மா. தேடாததாலதான் லோகம் இப்டி கீது."

நாணயத்தையும் வைத்துக்கொண்டு, சப்ளையர், கப்பல், சாமான், சென்னை என்று நான் நினைத்தவற்றையும் சேர்த்தேன். கடை பெயரை டைட்டிலில் வைத்தேன். தேடுபொறிகளில் மறுபடியும் பக்கத்தின் முகவரியைப் பதிவுசெய்தேன். அவை வந்து படித்துக்கொண்டு போக வாரங்கள் ஆகும். ஒருநாள் மெயில் வந்திருந்தது. பாய் ஓடி வந்தார். உடம்பு இளைக்க மாத்திரை விற்கிற மெயில். தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, "எப்டிம்மா கண்டுபிட்ச்சான்?" என்றார். சிரித்தோம். ஆனால் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் கப்பல்காரர்கள் இரண்டு பேர் சென்டருக்கு வந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள். வீட்டுக்கு மெயில் அனுப்பி முடித்ததும் ஒருவர் என் மேஜைக்கு வந்து, "மிஸ், மெட்ராஸ் லெமன்... வேர்?" என்று கேட்டார். எதிரே ஜூஸ் கடையைக் காட்டினேன். போய்க் குடித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அதையே கேட்டார். இந்தத் தடவை கையால் தாடி மாதிரி வரைந்து காட்டி, "நோ ஜூஸ். மேன். லெமன் மேன்" என்றார்.

நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு பாய் உள்ளே வந்தார், வழக்கமான நேரத்துக்கு மெயில் பார்க்க. இரண்டு பேரும் "லெமன்!" என்று ஒரே குரலில் கத்தி அவரைக் கட்டிக்கொண்டார்கள். கேபின்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவர்களுடைய கப்பல் அன்றைக்கே கிளம்புகிறதாம். சாமானெல்லாம் கொழும்பிலேயே ஏற்றியாகிவிட்டது. எதுவும் வாங்கப் போவதில்லை. கரையில் இறங்கியதால் லெமனைப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். பாய் அவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பி வைத்தார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏதோ பிடிபட்டுவிட்ட ஆள் மாதிரி இருந்தார்.

கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார். இளவயதில் முதல் முறையாகக் கப்பல் ஏறப் போனபோது மற்ற சப்ளையர்கள் கேப்டனுக்கும் சமையல்காரனுக்கும் கொடுக்க பாட்டில்கள் கொண்டுபோனார்களாம். இவர் அதைத் தொட மாட்டார். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு ஏறினார். பல நாள் கடலில் கிடந்து வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் வாயூறிவிட்டது. முதல் ஆர்டர் இவருக்குத்தான். அன்றிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் எலுமிச்சை இனாம். ஆர்டர் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

கப்பல்காரர்கள் பிரியமாக லெமன் என்று கூப்பிட்டார்கள். துறைமுகத்து சப்ளையர்கள் அதையே பிடித்துக்கொண்டு கிண்டல் செய்தார்கள். கேட்டில், டீக்கடையில், நிக்காஹ் வீட்டில், எல்லா இடத்திலும் அவர் எலுமிச்சம்பய பாய். எங்கள் பக்கத்தில் பழத்தைப் பயம் என்றுதான் சொல்வோம். இவருக்குப் பெண் பேசப் போன வீட்டில் யாரோ ஒருவர், "மாப்ள எலுமிச்சம்பயமா விக்கிறாரு?" என்று கேட்டு, அந்த இடம் தட்டிப்போனதாம். சொல்லும்போது இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் குரல் தடித்தது. எலுமிச்சம்பயம் என்றால் அவருக்கு உண்மையிலேயே பயம்தான்.

எனக்கு மண்டையில் பொறி தட்டியது அந்த நேரத்தில்தான். கேப்டனின் பெயர் பாய்க்குத் தெரியாத மாதிரி, பாயின் பெயரும் கடையின் பெயரும் கேப்டனுக்கு ஞாபகமிருக்காது. தேடினால் அவர் போடப்போவது இரண்டே வார்த்தை. லெமன், மெட்ராஸ். அந்த இரண்டையும்தான் நாங்கள் கவனமாகத் துடைத்து எடுத்துவிட்டு, ஒன்றுக்குச் சென்னை என்றும் இன்னொன்றுக்கு நாணயம் என்றும் எழுதி வைத்திருந்தோம்.

சொன்னதும் பாய் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "நான் இன்னா எலுமிச்சம்பய யாவாரியா?" சென்டரே திரும்பிப் பார்த்தது. "மூணு தலமொறயா கப்பலுக்குச் சாமான் போட்டுகினு கீறேன். போர்டுல அத்த எய்தினா நாளிக்கே மார்க்கெட்டுல கட போடச் சொல்வானுங்கோ."

அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்த மகன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா தினமும் இங்கே வந்து ஏமாந்து திரும்புவதைப் பார்க்கச் சகிக்காதவர். "வெப்சைட்டு தலையில எலுமிச்சம்பயம் வைக்கப் போறீங்களா? மொதல்ல உங்க ரெண்டு பேரு தலைக்கும் தேய்க்கணும். அப்பத்தான் தெளியும்" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாய் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தக் கிண்டல்தான் காரியத்தை முடித்தது. மகன் எதை வேண்டாம் என்கிறாரோ அதைச் செய்து பார்ப்பது என்ற கட்டத்துக்கு பாய் வந்திருந்தார். மறுநாள் வந்து மெதுவாகக் கேட்டார். "அந்த ஹெட்டுல, யாரு கண்ணுக்கும் தெரியாத எடம் ஒண்ணு சொன்னியே."

"கீவேர்ட்ஸ்."

"அதுல போட்டா கப்பல் படத்துக்குப் பக்கத்துல தெரியாதே?"

"தெரியாது."

"தேடறவனுக்கு?"

"தேடினா உங்க கடை வரும். ஏன் வந்துச்சின்னு தெரியாது. வியூ சோர்ஸ் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"ஹார்பர்ல அத்தெல்லாம் எவனுக்குத் தெரியும்" என்றார். அவருக்கு உயிர் வந்தது. "போடு. அந்த மெட்ராஸையும் உள்ளயே போட்டுத் தொல. வெளிய ஒரு எய்த்து தெரியக் கூடாது. சொல்ட்டேன்."

போட்டேன். லெமன், லெமன் மேன், மெட்ராஸ், மெட்ராஸ் ஹார்பர். நாணயத்துக்குப் பக்கத்திலேயே. வெளியே கப்பல் முன்போலவே இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது.

நோன்பு தொடங்கியது. பாய் மதியங்களில் உதடு காய்ந்துபோய் வந்து உட்காருவார். நான் தண்ணீர் பாட்டிலை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்வேன். மெயில் இல்லை என்று தலையை ஆட்டினால் எழுந்து போய்விடுவார், ஒன்றும் கேட்க மாட்டார். கத்திக்கொண்டிருந்த மனிதர் பேசாமல் போவது எனக்கு வேதனையாக இருந்தது. பெருநாளும் வந்தது. பிரியாணி கொடுத்தனுப்பினார். அந்த வாரமே ஆசாரி வந்து அளவெடுத்தார். நான் வேலைக்கு வரும் வழியில் அவர் கடை வாசலில் பலகைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடிகளை வைக்கோல் வைத்துக் கட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அன்றைக்கு மெயில் பெட்டியைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.

திறந்தபோது அது இருந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. கப்பல்களுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவருகிற ஒருவரை மெட்ராஸில் தேடுகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் லெமனா? இல்லையென்றால் தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

கீழே ஒரு பெயர் இருந்தது. கேப்டனுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சென்டரை அப்படியே போட்டுவிட்டு நானே ஓடினேன். பாய் கடைக்குள் உட்கார்ந்து பழைய கயிற்றுச் சுருள்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். சென்டருக்கு வந்து, மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்து, என்னையும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எய்திக்க. கடை பேரு பெரிசா. மூணு தலமொறயா, சென்னை துறைமுகத்துல..." என்று ஆரம்பித்தார்.

"பாய், அவர் அதைக் கேக்கல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்காரு."

நிறுத்திவிட்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனும் பின்னாலேயே வந்து நின்றிருந்தார், கையில் அளவு டேப். பாய் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதுவரைக்கும் அவர் அதைத் தொட்டதே இல்லை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார். எஸ். ஐ ஆம் லெமன். இடைவெளி விட வேண்டும் என்று தெரியாததால் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பிரித்துவிடப் போனேன், மகன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அழுகிற வழக்கம் எனக்குக் கிடையாது, ஆனாலும் கொஞ்ச நேரம் பிரின்டரைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

கடையை இரண்டாகத் தடுத்தார்கள். முன்னால் கண்ணாடி ஷெல்ஃப்களோடு செல்போன் கடை, பின்னால் கயிறும் பெயின்ட்டும். மகன் முன்னால் உட்கார்ந்து, பின்னால் போக வேண்டியவர்களுக்கு வழிவிட்டார். கேப்டனின் முதல் கப்பல் வருவதற்கு முன்னால் சாமான் பட்டியல் மெயிலில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக விலை குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பாய் பழைய ஸ்டூலில் உட்கார்ந்து விலை சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே வந்தேன். அரிசி, கோழி, முட்டை, வெங்காயம், கயிறு. கடைசி வரிக்கு வந்தேன்.

"எலுமிச்சம்பழம், ஒரு மூட்டை. என்ன விலை போடட்டும் பாய்?"

ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கேபின்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"வெலயா? நான் இன்னா எலுமிச்சம்பய யாவாரியா?"

அந்த வரிக்கு நேராக இருந்த இடத்தைக் காலியாக விட்டு மெயிலை அனுப்பினேன்.